பைப் வண்டிக்கு ஒரு குறை

எங்கள் சாரல் நகரில் யாரும் யாரைப் பார்த்தும் பொறாமைப்படுவதில்லை. அந்த வேலையைச் செய்வதற்குத்தான் சங்கம் இருக்கிறது.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில், நெல் வயலை மனையாக்கிப் போட்ட நகர் இது. குடியிருப்போர் நலச் சங்கத்துக்குத் தலைவர் சுடலைமாடன், ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியர். செயலாளர் பென்னி மரக்கடை வைத்திருக்கிறார். துணைச் செயலாளர் பரமேஸ்வரன், அதாவது நான். மகளிர் அணிக்கு என் மனைவி செண்பகவல்லி. தெருவிளக்கு, சாக்கடை மாதிரியான சில்லறை விஷயங்களில் சங்கம் தலையிடுவதில்லை. அதற்கெல்லாம் ஆபீசர்கள் இருக்கிறார்கள்.

நகரில் யார் வீட்டில் எந்தப் புதுப் பொருள் வந்து இறங்கினாலும் அந்த வாரத்துக்குள் சங்கம் போய் ‘நலம் பார்க்கும்’. காப்பி குடிப்போம். பொருளைச் சுற்றி வருவோம். தட்டிப் பார்ப்போம். கடைசியில் தலைவர் அதில் ஒரு குறையைக் கண்டுபிடித்து, பக்கத்து வீட்டு மாடிக்கும் கேட்கிற மாதிரி அறிவிப்பார். வாங்கியவருக்குக் கொஞ்சம் முகம் சுண்டும். மற்ற எல்லாருக்கும் அன்றைக்குச் சோறு இறங்கும். பென்னி கார் வாங்கியபோது டிக்கி சின்னது என்றோம். மேலத்தெரு டாக்டர் வீட்டு மாடர்ன் கிச்சனில் அப்பளம் பொரித்தால் புகை போக வழியில்லை என்றோம். என் மருமகனையே நலம் பார்த்தார்கள். முன்நெற்றி ஏறுகிறது என்று தலைவர் அறிவித்தார். நான் கோபப்படவில்லை. சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த நகரில்தான் ஜோயல் பிக்கப் வண்டி வாங்கப் புறப்பட்டான்.

ஜோயல் தென்காசியில் மோட்டார், பைப், வால்வு விற்கிற கடைக்காரன். அவன் மனைவி ரூபி. அதுவரைக்கும் அவர்களால் சங்கத்துக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அவர்களைப் பார்த்து யாருக்கும் எரிந்ததே கிடையாது. அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்தால் எங்கள் எல்லார் வீடும் லாட்ஜ்தான். சென்னைச் சித்தப்பா, தூத்துக்குடி அத்தை, அத்தை மகளோடு ஆபீசில் வேலை பார்க்கிறவர்கள் என்று பெட்டியோடு வந்து இறங்குவார்கள். ஜோயல் வீட்டில் கூட்டம் இன்னும் அதிகம், ஏனென்றால் ரூபிக்கு இல்லையென்று சொல்லத் தெரியாது. வந்தவர்கள் குளித்துவிட்டுப் பசியோடு வருவார்கள். அவள் இட்லி ஊற்றுவாள். மறுபடி குளிக்கப் போவார்கள். அவள் மறுபடி ஊற்றுவாள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து சீசனில் ரூபி அருவியைப் பார்த்ததில்லை. ஈரத் துண்டுகளைத்தான் பார்த்திருக்கிறாள். அந்த வீட்டைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைவாக இருக்கும்.

சித்திரையில் ஒருநாள் ஜோயல் சங்கக் கூட்டத்துக்கு வந்து, பிக்கப் வண்டி ஒன்று வாங்கி வீட்டு வாசலில் நிறுத்திக்கொள்ள அனுமதி கேட்டான்.

“எதுக்கு வே?” என்றார் தலைவர்.

“பைப் ஏத்ததுக்கு, அண்ணாச்சி.”

அவன் மனசில் இருந்தது வேறு. எங்களுக்கு அது ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது. நீங்கள் இப்போதே தெரிந்துகொள்ளலாம். போன சீசன் முடிந்து கடைசி விருந்தாளியை பஸ் ஏற்றிவிட்டு வந்த அன்றைக்கு ரூபி அவனிடம், “அடுத்த சீசன்லயாவது ஒரு நாள் யாருக்கும் எதுவும் ஊத்தாம, அருவிச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு, போதும் போதும்னு தூங்கணும்” என்றிருக்கிறாள். லாட்ஜில் ரூம் எடுக்க முடியாது. சொந்த வீட்டில் விருந்தாளிகளை விட்டுவிட்டு, கூப்பிடு தூரத்தில் ரூம் போட்டுத் தங்கினாள் என்று தெரிந்தால் சாதிசனம் தலைமுறைக்கும் பேசும். ஆகவே ஜோயல் அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறான். வெளியே பார்த்தால் சரக்கு வண்டி, உள்ளே போனால் வீடு. சரக்கு வண்டிகளோடு நிறுத்திவிட்டால் எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான்.

தலைவர் அன்றைக்கு ஒரு புதுக் கொள்கையை அறிவித்தார்.

“வாங்கின பெறகு குறை சொன்னா மனசு வலிக்குன்னு பல பேரு சொல்லுதாங்க. நியாயந்தான். அதனால இனிமே வாங்கதுக்கு முன்னாலயே சங்கம் கூட வரும். குறை உள்ள பொருளா நாங்களே பாத்து எடுத்துக் குடுத்துருவோம். உமக்கும் அலைச்சல் மிச்சம்.”

ஜோயல் திருதிருவென்று விழித்தான். தலைவர், பென்னி, நான் மூவரும் அடங்கிய வாகனத் தேர்வு உபகுழு அங்கேயே அமைக்கப்பட்டது.

ஆலங்குளம் ரோட்டில் உள்ள ஷோரூமுக்குப் போனோம். ஜோயல் ரூபியையும் கூட்டி வந்திருந்தான். விற்பனைக்காரப் பையன் புவனேஷ் மூன்று வண்டிகளைக் காட்டினான். முதல் வண்டி ரொம்பச் சின்னது. ஜோயல் செருப்பைக் கழற்றிவிட்டு பின்பக்கம் ஏறி, பலகையில் மல்லாந்து படுத்தான். முழங்காலுக்குக் கீழே வெளியே தொங்கியது.

“என்ன வே செய்யுதீரு?” என்றார் பென்னி.

“பைப் அளவு பாக்கேன் அண்ணாச்சி. நம்மகிட்ட வார பைப் கிட்டத்தட்ட என் உயரந்தான்.”

இரண்டாவது வண்டி பெரியது. அதில் ஜோயல் படுத்துப் புரளவே செய்தான். ஆனால் டீசலைத் தண்ணீராகக் குடிக்கும் என்று புவனேஷ் வாய்தவறிச் சொல்லிவிட்டான். தலைவர் முகம் மலர்ந்தது.

“இதையே எடும் வே. லட்சணமான வண்டி. குறை கையோட இருக்கு.”

ஜோயல் மூன்றாவது வண்டியிடம் போனான். நடுத்தர அளவு. சின்ன டீசல் இன்ஜின். காலை நீட்டிப் படுத்தான், சரியாக இருந்தது. எழுந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

“தம்பி, இதுல கூண்டு கட்டினா, உள்ள ஒரு ஆளு இப்பிடி உக்காந்தா தலை இடிக்குமா?”

“பைப் எதுக்கு வே உக்காருது?” என்றார் தலைவர்.

“இல்ல, சாச்சு வைப்போம்லா.”

“மேல ஜன்னல் மாதிரி ஒண்ணு வச்சுக்கிடலாமா? காத்து வரணும்,” என்று ஜோயல் புவனேஷிடம் கேட்டான்.

“பைப்புக்குக் காத்து எதுக்கு?” என்றார் பென்னி.

“வேர்த்துரும் அண்ணாச்சி.”

“நான் மரக்கடைக்காரன். மரத்துக்குக் காத்து வேணும். பைப் வேர்த்து நான் பாத்ததில்ல.”

“வேர்க்கும்,” என்றார் தலைவர். “எங்க வீட்டு பாத்ரூம்ல வேர்க்கு.”

அதோடு அந்த விஷயம் முடிந்தது. ரூபி அந்த வண்டியின் பலகையில் கையை வைத்து, பாய் விரிப்பதற்கு முன் தரையைத் துடைப்பது போல ஒரு தடவு தடவினாள். பிறகு சிரித்தாள். சிரித்ததை நான் பார்த்தேன். எனக்கு அப்போதே அடிவயிற்றில் லேசாகச் சுட்டது.

“இது எவ்வளவு குடுக்கும் தம்பி?” என்று ஜோயல் கேட்டான்.

“லிட்டருக்கு இருபது தாராளமா வரும் சார்.”

தலைவர் ஜோயல் தோளில் கை போட்டுத் தனியே கூட்டிப் போனார். அன்றைக்கு அவர் பேசிய பேச்சைச் சாரல் நகர் வாசலில் கல்வெட்டாக வைக்கலாம்.

“வே, மைலேஜ்ங்கது ஒருத்தனோட சொந்த விஷயம் இல்ல. உம்ம வண்டி இருபது குடுத்தா என் கார் பன்னெண்டு குடுக்குறது ஊருக்குத் தெரிஞ்சு போகும். இதுநாள் வரைக்கும் எனக்கே அது தெரியாம நிம்மதியா ஓட்டிட்டு இருக்கேன். அடுத்தவன் நிம்மதியையும் யோசிச்சுத்தான் வண்டி எடுக்கணும். நான் சர்வீஸ்ல இருக்கையில ஒரு ஃபைலக்கூட எனக்கு வயிறு ஆறாம அனுப்புனது கெடையாது.”

ஜோயல் தலையை ஆட்டிவிட்டு மூன்றாவது வண்டிக்கே முன்பணம் கட்டினான். உபகுழு எதிர்ப்புத் தெரிவித்துவிட்டு அவன் செலவில் பரோட்டா சாப்பிட்டது.

வண்டி வந்ததும் நலம் பார்க்கப் போனோம். வெள்ளை நிறம், பூசினமாதிரி ஒரு வண்டி. சுற்றிச் சுற்றி வந்தோம். டயரை மிதித்தோம். ஹாரனை அடித்தோம். ஒரு குறையும் கிடைக்கவில்லை. தலைவர் மைலேஜில்தான் பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்தார். பங்க்கில் வாய் வரை டீசல் நிரப்பி, பின்னால் பத்துப் பேர் ஏறிக்கொண்டோம். தலைவரே ஓட்டினார். செங்கோட்டை வரை இரண்டாம் கியரைத் தாண்டவில்லை. இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். திரும்பி வந்து மறுபடி நிரப்பிக் கணக்குப் போட்டால் இருபத்தொன்று வந்தது.

தலைவர் கணக்கை இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார். பென்னி வாயைத் துடைத்துக்கொண்டு, “பங்க் மிசின்ல கோளாறு இருக்கும்” என்றார். தலைவர் தலையை ஆட்டினார். ஆனால் அவர் முகம் வெளுத்திருந்தது. சங்கத்தின் வரலாற்றில் முதல்முறையாக ஒரு பொருள் குறையில்லாமல் ஒரு வீட்டு வாசலில் நின்றது.

அதற்குப் பிறகு வண்டி கடையநல்லூருக்குப் போனது. துபாயில் பாலைவனத்துக்குப் போகிற வண்டிகளுக்கு உள்வேலை செய்துவிட்டு ஊர் திரும்பிய ஹுஸைஃபா என்பவரின் பட்டறையில் கூண்டு கட்டுவதாக ஜோயல் சொன்னான். கடையை மூடிவிட்டு தினமும் அங்கே ஓடினான். வண்டி திரும்பி வந்தபோது பின்னால் தகரக் கூண்டு, அதில் ஒரு கதவு. நாங்கள் திறந்து பார்த்தோம். மேலிருந்து கீழ்வரை பைப். வட்ட வட்டமாகப் பைப் முனைகள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

“அடுக்கினது ரொம்ப நேரா இருக்கு,” என்றார் பென்னி, குறையாக. தலைவர் அதை ஏற்கவில்லை. சங்கத்துக்கென்று ஒரு தரம் இருக்கிறது.

சீசன் வந்தது. சாரல் அடித்தது. எங்கள் வீட்டில் என் அண்ணன் குடும்பமும் அவர் சம்பந்தி குடும்பமும். ஜோயல் வீட்டில் நிற்க இடமில்லை. ஆனாலும் அந்த வீட்டில் என்னவோ சரியில்லை என்று முதலில் கண்டுபிடித்தவள் செண்பகவல்லி. சட்னி அரைத்துக்கொண்டே கேட்டாள்.

“ஏங்க, அந்த ரூபி ஏன் சிரிச்சுக்கிட்டே இட்லி ஊத்துதா?”

“சிரிச்சா என்ன?”

“நான் சிரிக்கேனா?”

மகளிர் அணியிலிருந்து இது முறையான புகாராகவே வந்தது. தலைவர் அவசரக் கூட்டம் கூட்டினார். “பைப் வண்டி வாங்கினவன் பொண்டாட்டி சிரிக்குதான்னா அந்தப் பைப்புக்குள்ள என்னமோ ஓடுது” என்று சொல்லி, கண்டுபிடிக்கும்வரை யாரும் ஜோயல் கடையில் வாஷர்கூட வாங்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்.

மறுநாள் காலையில் ஜோயல் வீட்டு விருந்தாளிகள் கும்பலாகத் தெருவுக்கு வந்துவிட்டார்கள். வீட்டுக்காரனையும் காணவில்லை, வீட்டுக்காரியையும் காணவில்லை. அவர்களில் ஒரு தூத்துக்குடி அத்தை தலையில் துண்டோடு தலைவர் வீட்டு வாசலில் நின்று, “எங்கள வரச்சொல்லிட்டு எங்கன போனா இவ? அடுப்பு பத்தவைக்கவே இல்ல!” என்று சத்தம் போட்டாள். யாரும் அவளை வரச்சொல்லவில்லை. ஆனால் நலச் சங்கம் நலத்தைக் கவனிக்க வேண்டும். நாங்கள் இரண்டு காரில் புறப்பட்டோம். செண்பகவல்லியும், கரண்டியைக் கழுவிக்கூட வைக்காமல் வந்து ஏறிக்கொண்டாள்.

பழைய குற்றாலம் போகிற ரோட்டோரத்தில், பலாப்பழ லாரிகளுக்கும் மங்குஸ்தான் வேன்களுக்கும் நடுவே அந்த வெள்ளை வண்டி நின்றது. ஜோயல் கைலியோடு பல் தேய்த்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் வாயில் நுரையோடு கூண்டுக் கதவில் முதுகைக் கொடுத்து நின்றான்.

“உள்ள என்ன வே?” என்றார் தலைவர்.

“பைப் அண்ணாச்சி.”

தலைவர் காதைத் தகரத்தில் வைத்தார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

“பைப் கொறட்டை விடுமா?”

ஜோயல் நகரவில்லை. பென்னி அவனை நகர்த்தினார். கதவைத் திறந்தால் பைப் முனைகள் வரிசையாக நின்றன. தலைவர் ஒன்றைப் பிடித்து இழுத்தார். அத்தனை பைப்பும் ஒரே கதவாகத் திறந்துகொண்டது. எல்லாம் விரல்நீளத் துண்டுகள். ஒவ்வொன்றையும் வெட்டி, விளிம்பைத் தேய்த்து, பலகையில் ஒட்டியிருந்தான்.

உள்ளே ரூபி தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கட்டில், மெத்தை, தலைமாட்டில் சின்ன விளக்கு, மடக்கி வைக்கிற மேசை, அதன்மேல் ஒற்றை ஸ்டவ். மேலே ஜன்னல் திறந்திருந்தது. சாரல் அவள் கால்மேல் விழுந்துகொண்டிருந்தது. அருவிச் சத்தம் எங்களுக்கெல்லாம் கேட்கிற அதே சத்தம்தான், ஆனால் அந்தக் கூண்டுக்குள் அது அவளுக்கு மட்டும் என்று வாங்கி வைத்தது மாதிரி கேட்டது. வாயை லேசாகத் திறந்துகொண்டு, ஒரு கையை அகல விரித்துப் போட்டு, யாருக்கும் எந்தக் கடமையும் இல்லாதவள் மாதிரி தூங்கினாள். எனக்கு எரிந்தது. அடிவயிற்றில் ஆரம்பித்து தொண்டை வரைக்கும் எரிந்தது. பென்னி கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைவர் மெதுவாக, “ஏசி ரூம்லகூட நான் இப்பிடித் தூங்குனதில்ல வே” என்றார்.

அந்தச் சத்தத்தில் ரூபி விழித்தாள். எழுந்து உட்கார்ந்தாள். வாசலில் இத்தனை முகங்களைப் பார்த்ததும் கை தானாகக் கூந்தலை அள்ளி முடிந்தது.

“வாங்க, வாங்க. எத்தன பேரு வந்திருக்கிய?” என்று கேட்டுக்கொண்டே ஸ்டவ்வைப் பற்ற வைத்தாள்.

ஜோயல் வாயைக் கொப்பளித்துவிட்டு, “ரூபி, வேண்டாம்” என்றான். அவள் அதற்குள் பால் பாக்கெட்டைக் கிழித்துவிட்டாள். பழக்கம்.

தலைவர் கட்டிலில் படுத்துப் பார்த்தார். பென்னி படுத்துப் பார்த்தார். நானும் படுத்துப் பார்த்தேன். காலை நீட்டினோம், இடிக்கவில்லை. உட்கார்ந்தோம், தலை தட்டவில்லை. மழை ஒழுகவில்லை. எரிச்சல் ஏறிக்கொண்டே போனது. அதற்குள் டீ வந்தது. முதல் ஈடு நாலு பேருக்கு. பிறகு கொஞ்சம் காத்திருக்கச் சொன்னாள். அடுத்த ஈடு நாலு பேருக்கு. அதற்கடுத்த ஈட்டுக்கு நின்ற தலைவரின் முகத்தில் மெதுவாக வெளிச்சம் பரவியது. அவர் டம்ளரை உயர்த்தி, பலாப்பழ லாரிக்காரர்களும் திரும்பிப் பார்க்கும்படி அறிவித்தார்.

“அடுப்பு சின்னது! ஒரு டீக்கு ஒம்போது தடவ காத்துக் கெடக்கணும். விருந்தாளிய மதிக்காத வண்டி. இதுதான் குறை!”

பாரம் இறங்கியது. சிலர் கைகூடத் தட்டினார்கள். பென்னி, “முதல்லயே சொன்னேன்லா” என்றார், அவர் சொல்லவில்லை. டீ எல்லாருக்கும் ருசித்தது. ஜோயல் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

ரூபி கீழே இறங்கி வந்தாள். ஸ்டவ்வை அணைத்துவிட்டுத்தான் வந்தாள்.

“குறை சொல்லியாச்சா அண்ணாச்சி?”

“ஆச்சும்மா. இனிமே சங்கத்துக்கும் இந்த வண்டிக்கும் ஒண்ணும் இல்ல.”

“அப்பம் நாங்க கெளம்புதோம். வீட்ல இருக்கவங்ககிட்ட மாவு ஃபிரிட்ஜ்ல இருக்குன்னு சொல்லிருங்க. ஊத்திக்கிடட்டும்.”

பைப் கதவைச் சாத்தினாள். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஜோயல் அவளை ஒரு தடவை பார்த்தான், பிறகு ஓடிப்போய் மறுபக்கம் ஏறினான். கைலியோடுதான் ஏறினான். நாங்கள் டம்ளரோடு நிற்க நிற்க வண்டி செங்கோட்டைப் பக்கம் திரும்பியது.

“பின்னாலயே போவோம்,” என்றார் தலைவர்.

“அவன் நேத்து டேங்க் ஃபுல் பண்ணியிருக்கான். நான் பங்க்ல பாத்தேன்,” என்றார் பென்னி. எங்களுக்குக் கணக்குத் தெரியும். அந்த வண்டியை ஓட்டிப் பார்த்து இருபத்தொன்று என்று சொன்னவர்களே நாங்கள்தான். புனலூர் தாண்டுவான், கொல்லம் தாண்டுவான், கடலைக் காட்டுவான் அவளுக்கு. எங்கள் கார்கள் இரண்டிலும் முள் கீழே கிடந்தது. கணக்குப் போடப் போட அவர்கள் இன்னும் தூரம் போய்க்கொண்டே இருந்தார்கள்.

செண்பகவல்லி காலி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவளுக்கு ஆறுதலாக, “அதான் குறை சொல்லியாச்சுல்லா. வா, போவோம்” என்றேன்.

“ஏங்க, அந்தப் பைப்ப எல்லாம் அவன் ஒருத்தனாவா வெட்டியிருப்பான்?”

“அவன்தான் வெட்டியிருப்பான். எதுக்குக் கேக்கே?”

“ஒவ்வொண்ணா ஒக்காந்து வெட்டியிருப்பான்லா,” என்றாள். “அவ தூங்கணும்னு.”

அவள் காரில் ஏறவில்லை. அண்ணன் வீட்டாருக்கு மதியச் சாப்பாடு ஆக வேண்டும் என்று நான் ஞாபகப்படுத்தினேன். அதற்கும் திரும்பவில்லை. பென்னி கார், டாக்டர் வீட்டு அடுப்படி, சொந்த மருமகனின் நெற்றி என்று இந்த நகரில் எல்லாவற்றிலும் குறை பார்த்தவன் நான். அன்றைக்கு அந்தச் சாரலில் நின்றுகொண்டு, ஜோயல் பைப் வெட்டினதில் என்ன குறை சொல்லலாம் என்று யோசித்தேன். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். செண்பகவல்லி அன்றிலிருந்து என்னைத்தான் நலம் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.